கேட்காத மணியைக் காட்டும் விளக்கு
செவித்திறன் குறைந்தோர் வீடுகளுக்கான எச்சரிக்கைச் சாதனங்கள்: ஒரு விளக்கம்



நம் வீடுகளில் ஒரு நாளின் முக்கியமான செய்திகள் பெரும்பாலும் ஓசையாகவே வருகின்றன. சுபுஹு பாங்கு, ரமளானில் ஸஹர் அறிவிப்பு, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவிப்பு, வாசலில் அழைப்பு மணி, அடுப்படியில் குக்கர் விசில், தொட்டிலில் குழந்தையின் அழுகை, வெளிநாட்டிலிருந்து மகனின் போன் என எல்லாமே காதைத் தேடித்தான் வருகின்றன. காது நன்றாகக் கேட்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. கேட்காதவர்களுக்கோ, சொந்த வீட்டிலேயே தமக்கு மட்டும் யாரும் எதையும் சொல்லாதது போன்ற நிலை.

நம் டிரஸ்டின் மாதாந்திர உதவி பெறும் குடும்பங்களை வீடு வீடாகச் சென்று பார்த்தபோது, இந்தச் சிரமத்தை நாங்கள் நேரில் கண்டோம். காது கருவி வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் வாசலில் யார் வந்தார்கள், எப்போது எழ வேண்டும், ஆபத்து எங்கே என்பதைச் சொல்லும் வேலையைக் காது கருவி மட்டும் செய்துவிடாது. அதற்கென்றே ஓசையை வெளிச்சமாகவும் அதிர்வாகவும் மாற்றிக் காட்டும் எளிய சாதனங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நம் மக்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

யாருக்கு, எந்த ஓசை கேட்பதில்லை?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சையோ மறுவாழ்வு உதவியோ தேவைப்படும் அளவுக்குச் செவித்திறன் குறைந்தவர்கள் உலகில் சுமார் 43 கோடிப் பேர். 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் இந்தக் குறை இருக்கிறது. நம் நாட்டின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செவித்திறன் குறையுடையோர் என்று பதிவானவர்கள் சுமார் 50 லட்சம். வயதான பின் காது மந்தமானவர்கள் தம்மை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்வதில்லை. "வயசாச்சு, அப்படித்தான்" என்று இருந்துவிடுகிறார்கள்.

முதுமையில் வரும் செவிக்குறை பெரும்பாலும் உச்ச ஓசைகளில் தொடங்கும். மெல்லிய, கூர்மையான சத்தங்கள் முதலில் மறையும். கனத்த, தாழ்ந்த சத்தங்கள் நெடுநாள் கேட்கும். அதனால்தான் ஹாலில் ஆண்கள் பேசும் குரல் கேட்கும் பாட்டிக்கு, பேத்தியின் குரலும் எலக்ட்ரானிக் அழைப்பு மணியின் கீச்சொலியும் கேட்பதில்லை. "அவங்களுக்கு வேணுங்கிறது மட்டும் நல்லா கேக்கும்" என்று வீட்டில் கேலி பேசுகிறோம். அது அவர்களுடைய பிடிவாதம் அல்ல. காதுக்குள் எந்த ஓசைக்கான நுண் செல்கள் தேய்ந்திருக்கின்றனவோ அந்த ஓசை அவர்களை எட்டுவதில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை வீட்டார் விளங்கிக்கொண்டாலே பாதி மனத்தாங்கல் தீரும்.

காது கருவி கழற்றிய நேரங்கள்

காது கருவி பேச்சைக் கேட்பதற்கு மிக நல்ல துணை. ஆனால் அதை 24 மணி நேரமும் அணிய முடியாது. இரவில் கழற்றி வைக்க வேண்டும். குளிக்கும்போது கழற்ற வேண்டும். நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: ஒளுச் செய்யும்போது காதுகளுக்கு மஸ்ஹு செய்வதால், ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது. கழற்றி வைத்தவர்கள் தொழுது, ஓதி முடிக்கும்வரை அப்படியே இருந்துவிடுவதும் வழக்கம். பாட்டரி தீர்ந்து, அடுத்தது வாங்கி வர ஆள் இல்லாமல் அலமாரியில் கிடக்கும் கருவிகளையும் பல வீடுகளில் பார்த்தோம்.

ஆக, ஒரு நாளின் ஏறக்குறைய பாதி நேரம் அவர்கள் கருவி இல்லாமல்தான் இருக்கிறார்கள். தூங்கும் நேரம், தனியாக இருக்கும் நேரம், குளியலறையில் இருக்கும் நேரம் ஆகியவைதான் எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரங்கள். அந்த நேரத்தில் காதை நம்பாமல் கண்ணையும் உடலையும் நம்புவதே இந்தச் சாதனங்களின் அடிப்படை.

நமக்குப் புதியதல்ல

ஓசை எட்டாதவருக்கு ஒளியால் செய்தி சொல்வது நம் சமுதாயத்துக்குப் புதிய விஷயமல்ல. அந்தலூசியாவிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த இப்னு ஜுபைர், ஹிஜ்ரி 579-ஆம் ஆண்டு (கி.பி. 1183) ரமளானை மக்காவில் கழித்தார். ஹரம் ஷரீஃபின் மினாரா ஒன்றில் ஸஹர் நேரம் முழுவதும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததைத் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். வீடு தொலைவில் இருப்பதால் முஅத்தினின் குரல் கேட்காதவர்கள், விளக்கு எரிவதைக் கண்டு ஸஹர் உண்பார்கள். விளக்கு இறங்கியதும் நேரம் முடிந்தது என்று அறிந்து நிறுத்திக்கொள்வார்கள். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு மக்காவின் மினாராவில் இருந்த அந்த ஏற்பாட்டைத்தான் இன்று நாம் ஒரு வீட்டின் கூடத்தில் செய்யப் பார்க்கிறோம்.

அதற்கும் முன்னே, நபி (ஸல்) அவர்களின் பள்ளியிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கண்பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பாங்கு சொல்பவராக இருந்தார்கள். விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் அவர்களிடம் சொன்ன பிறகே ஃபஜ்ருடைய பாங்கைச் சொல்வார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. கண்ணால் காண வேண்டியதை அவர்களுக்குக் காதால் சேர்த்தார்கள் தோழர்கள். பார்வை இல்லை என்பதற்காக அந்தப் பொறுப்பு அவர்களிடமிருந்து எடுக்கப்படவில்லை. காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் சேர்ப்பது நம் முறை. செவித்திறன் குறைந்த நம் பெரியவர்களும் அவர்களுடைய பொறுப்புகளை விட்டு ஒதுங்காமல் இருக்க வேண்டும்.

சாதனம் எப்படி வேலை செய்கிறது?

எந்தச் சாதனத்தை எடுத்தாலும் அதில் மூன்று பகுதிகள்தான். ஒன்று, நடந்ததை அறியும் பகுதி: வாசல் சுவிட்ச், மைக், புகை உணரி, கடிகாரம் போன்றவை. இரண்டு, செய்தியைக் கொண்டுசெல்லும் பகுதி: வயர் அல்லது வயர் இல்லாத ரேடியோ அலை. மூன்று, ஆளுக்குச் சொல்லும் பகுதி: மின்னும் விளக்கு, அதிரும் பட்டை, தலையணைக்கடியில் அதிரும் தட்டு, அல்லது தாழ்ந்த சுருதியில் பலத்த ஒலி. கடையில் எந்தச் சாதனத்தைக் காட்டினாலும் இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்தால் அது நம் வீட்டுக்குப் பொருந்துமா என்று தெரிந்துவிடும். இனி ஒவ்வொரு தேவையாகப் பார்ப்போம்.

1. வாசல்

ஒருவர் வீட்டு வாசலில் மூன்று முறை ஸலாம் சொல்லி, பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த ஒழுக்கம். காது கேளாதவர் வீட்டில் இந்த நல்ல ஒழுக்கமே அவருக்கு நஷ்டமாகிவிடுகிறது. உறவினர் வந்து திரும்பிப் போகிறார். உள்ளே இருப்பவருக்கு யாரும் வந்ததே தெரியாது. "போனேன், கதவே திறக்கல" என்ற வருத்தம் வேறு. நம் மஹல்லாவில் தனியாக இருக்கும் ஒரு தாயாருக்கு ரியாதிலிருந்து மகன் ஆறேழு முறை போன் செய்தும் பதில் இல்லை. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டாரிடம் சொல்ல, அவர்கள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் மொட்டை மாடி வழியாக இறங்கிப் பார்த்தார்கள். அந்த அம்மா கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மிக எளிய வழி ஒன்று உண்டு. அழைப்பு மணிக்குப் போகும் இணைப்பிலேயே ஓர் எல்இடி பல்பையும் சேர்த்துக் கொடுத்தால், வெளியே சுவிட்சை அழுத்தும்போதெல்லாம் உள்ளே விளக்கு எரியும். தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு இது சிறிய வேலை. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். சாதாரண வெள்ளை பல்பு வேண்டாம், சிவப்பு அல்லது நீல நிறம் போடுங்கள்; வேறு விளக்கோடு குழப்பம் வராது. அவர்கள் அதிக நேரம் இருக்கும் இடம் எது என்று பார்த்துப் போடுங்கள். கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று என இரண்டு இருந்தால் நல்லது.

வயர் இழுக்க முடியாத வாடகை வீடு என்றால், வயர் இல்லாத அழைப்பு மணி கிடைக்கிறது. வாசலில் ஒரு பொத்தான், உள்ளே பிளக்கில் செருகும் ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தினால் பெட்டி ஒலிப்பதோடு மின்னவும் செய்யும். எல்லாப் பெட்டியும் மின்னாது. வாங்கும்போது போட்டுக் காட்டச் சொல்லுங்கள். படிப்படியாக அறைக்கு ஒரு பெட்டி சேர்த்துக்கொள்ளக்கூடிய வகையும் உண்டு.

இன்னொரு சிறு எச்சரிக்கை. வாசலில் "இங்கு காது கேளாதவர் இருக்கிறார்" என்று எழுதி ஒட்டாதீர்கள். தனியாக இருப்பவர்களுக்கு அது பாதுகாப்பல்ல. "பெல்லை ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்கவும்" என்று எழுதினால் போதும்.

2. ஸஹரும் சுபுஹும்

அந்தக் காலத்தில் ரமளான் இரவுகளில் தாயிரா கொட்டிப் பாடியபடி பக்கீர்மார்கள் தெருத்தெருவாக வந்து ஸஹருக்கு எழுப்புவார்கள். இன்று ஒலிபெருக்கியும் போன் அலாரமும் எழுப்புகின்றன. இவற்றில் எதுவும் எட்டாதவர் என்ன செய்வார்? நாங்கள் கேட்டபோது ஒரு பெரியவர் சொன்னார்: "இரவு படுக்காமலே உட்கார்ந்திருப்பேன், படுத்தால் ஸஹர் தவறிவிடும்." மற்றொரு சகோதரி, ஸஹர் தவறிவிடுமோ என்று பயந்து இரவு பதினொரு மணிக்கே சாப்பிட்டுவிட்டு நோன்பு நிய்யத் வைத்துக்கொள்கிறார். சர்க்கரை நோயாளி அவர். இது வணக்கத்தின் பிரச்சினை மட்டுமல்ல, உடல்நலத்தின் பிரச்சினையும்கூட.

இதற்கு அதிர்வு அலாரம் இருக்கிறது. ஒரு கடிகாரத்தோடு வட்டத் தட்டு ஒன்று வயரால் இணைக்கப்பட்டிருக்கும். தட்டைத் தலையணைக்கடியிலோ மெத்தைக்கடியிலோ வைத்துவிட்டால், குறித்த நேரத்தில் பலமாக அதிர்ந்து எழுப்பும். கனமான இலவம்பஞ்சு மெத்தையில் படுப்பவர்களுக்கு மெத்தைக்கடியில் வைத்தால் அதிர்வு அமுங்கிவிடலாம். தலையணை உறைக்குள் வைப்பதே நல்லது. பாயில் படுப்பவர்களுக்கும் அப்படியே. வெளிநாட்டுத் தயாரிப்புகள் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

அவ்வளவு செலவிட முடியாதவர்கள், கையில் கட்டும் அதிர்வுப் பட்டையைப் பயன்படுத்தலாம். நடைப்பயிற்சிக்காக இளைஞர்கள் கட்டிக்கொள்ளும் ஸ்மார்ட் பட்டைகள் பெரும்பாலானவற்றில் அதிர்வு அலாரம் உண்டு. லேசான தூக்கம் உள்ளவர்களுக்கு அது போதும். தொழுகை நேரங்களுக்கும் மருந்து நேரங்களுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். போனை அதிர்வில் போட்டுத் தலையணைக்கடியில் வைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. சார்ஜில் இருக்கும் போனை ஒருபோதும் அப்படி வைக்காதீர்கள். வெப்பம் வெளியேற வழியின்றித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

3. குழந்தையும் நோயாளியும்

பிறவியிலேயே காது கேளாத பெண்கள் தாய்மார்களாக நம் மஹல்லாவிலும் இருக்கிறார்கள். இரவில் குழந்தை அழுதால் தெரியாதே என்ற அச்சத்தில், மாமியாரோ நாத்தனாரோ குழந்தையைத் தங்கள் அறையிலேயே படுக்க வைத்துக்கொள்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பெற்ற தாயின் மனத்துக்கு அது எவ்வளவு பெரிய வலி என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை அழுகை அறியும் சாதனம் இருந்தால் அந்தப் பிரிவு தேவையில்லை. தொட்டில் அருகே ஒரு மைக். அழுகை கேட்டதும் தாயின் கையில் இருக்கும் பட்டையோ தலையணைக்கடித் தட்டோ அதிரும். மின்விசிறிச் சத்தத்துக்கும் தெருச் சத்தத்துக்கும் அது அதிராதபடி அளவைச் சரிசெய்து, இரண்டு மூன்று பகல்கள் சோதித்த பிறகே இரவில் நம்ப வேண்டும். தொட்டிலில் கட்டிய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குவது ஆபத்து, வேண்டாம்.

இதே முறை நோயாளி உள்ள வீட்டுக்கும் உதவும். கணவர் படுத்த படுக்கை, மனைவிக்குக் காது கேட்காது என்ற நிலையில் வாழும் முதிய தம்பதியர் நம்மிடையே இருக்கிறார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு போகும் அவருக்கு. கூப்பிட்டது தெரியாமல் போனதே என்று அழுகை வரும் இவருக்கு. அவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பொத்தானும், அம்மாவின் கழுத்திலோ இடுப்பிலோ ஓர் அதிர்வுப் பெட்டியும் இருந்தால் போதும். வயர் இல்லாத அழைப்பு மணியையே இதற்கும் பயன்படுத்தலாம்: பொத்தானைக் கட்டிலில் ஒட்டி, மின்னும் பெட்டியை அடுப்படியில் வைத்துவிடலாம்.

4. தீயும் கேஸும்

மற்றவை வசதி என்றால், இது உயிர். சாதாரணப் புகை அலாரம் ஏறக்குறைய 3000 ஹெர்ட்ஸ் உச்ச சுருதியில் ஒலிக்கிறது. முதியவர்களுக்கு முதலில் மறையும் ஓசை அதுவே. தூங்குபவர்களை எழுப்பும் ஆய்வுகளில், 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி செவித்திறன் குறைந்தவர்களை நன்றாக எழுப்புவதாகத் தெரிந்தது. அமெரிக்காவின் தீப் பாதுகாப்பு விதிகள் உறங்கும் அறைகளுக்கு இந்தத் தாழ்ந்த ஒலியை வலியுறுத்துகின்றன. ஒலியே எட்டாதவர்களுக்கு அதிரும் தட்டு வேண்டும். மின்னும் விளக்கு விழித்திருப்பவருக்கு உதவும். ஆழ்ந்து தூங்குபவரை அது மட்டும் எழுப்பும் என்று நம்பக்கூடாது. இதை வாங்குபவர்கள் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும்.

தூங்கும் காது கேளாதவரை எப்படி எழுப்புவது என்பதற்கு ஜப்பான் ஆய்வாளர்கள் மூக்கைத் துளைக்கும் வஸாபி நெடியைக் காற்றில் பரப்பும் அலாரத்தையே உருவாக்கிப் பார்த்தார்கள். 2011-இல் அதற்கு வேடிக்கை ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிப்பாகத் தோன்றினாலும், பிரச்சினை அவ்வளவு உண்மையானது.

புகை உணரியைக் கூரையில் பொருத்த வேண்டும். அடுப்படிக்குள் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் அடிக்கும். பிறகு எரிச்சலில் பாட்டரியைக் கழற்றிவிடுவோம். படுக்கையறைக்கு வெளியே வைப்பதே நல்லது. சாம்பிராணி போடும் இடத்திலிருந்தும் தள்ளி இருக்கட்டும். கேஸ் உணரி இதற்கு நேர்மாறு. நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரமாகப் படியும். எனவே அந்த உணரி அடுப்படியில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும்.

கேஸுக்கு நெடி சேர்ப்பதே கசிவு தெரிவதற்காகத்தான். ஆனால் வயதான பலருக்குக் காதோடு மூக்கின் உணர்வும் குறைந்திருக்கும். கசிவு தெரிந்தால் எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906. பொது அவசர எண் 112. போனில் பேசிக் கேட்க முடியாதவர்கள் பக்கத்து வீட்டார் இருவரோடு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, அவசரத்தில் அனுப்ப வேண்டிய செய்தியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

5. கையில் இருக்கும் போன்

புதிதாக எதுவும் வாங்காமலே தொடங்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ் பகுதியின் 'அக்செஸிபிலிட்டி'யில், அழைப்பு வரும்போது கேமரா விளக்கு மின்னும் வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு 14 முதல் அந்த போன்களிலும் இது சேர்க்கப்பட்டுள்ளது. 2020 முதல் இரண்டு வகை போன்களிலும் ஓசையை அடையாளம் காணும் வசதியும் வந்துவிட்டது. கதவு தட்டும் சத்தம், குழந்தை அழுகை, புகை அலாரம், தண்ணீர் கொட்டும் சத்தம் போன்றவற்றை போன் கேட்டு, அதிர்ந்து, திரையில் எழுதிக் காட்டும். ஆண்ட்ராய்டில் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' என்ற இலவசச் செயலி, எதிரில் இருப்பவர் பேசுவதைத் தமிழிலேயே எழுத்தாக்கிக் காட்டுகிறது. மருத்துவரிடம் போகும்போது இது பெரும் உதவி.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. சத்தம் நிறைந்த இடத்தில் தவறாகக் கேட்கும். பாட்டரி சேமிப்பு வசதி பின்னணியில் செயலியை நிறுத்திவிடும். சார்ஜ் போனால் எல்லாம் போச்சு. தயாரிப்பாளர்களே, உயிராபத்தான நேரத்துக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறார்கள். வாசலுக்கும் போன் அழைப்புக்கும் போன் போதும். தீக்கும் கேஸுக்கும் தனிச் சாதனமே வேண்டும்.

வாங்கும் முன்

முதலில் அவர்களையே கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தீ பயம். உம்மாவுக்கோ பேரன் வந்து திரும்பிப் போனதுதான் வருத்தமாக இருக்கும். அவர்கள் சொல்வதிலிருந்து தொடங்கினால்தான் சாதனம் பயன்பாட்டில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். ஒன்று பழகியதும் அடுத்தது. வாசலுக்கு ஒரு நிறம், குழந்தைக்கு வேறு நிறம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

மின்தடையில் வேலை செய்யுமா என்று கட்டாயம் கேளுங்கள். பாட்டரி உள்ளதை வாங்குங்கள், அல்லது இன்வெர்ட்டர் இணைப்பில் கொடுங்கள். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் அழுத்திச் சோதியுங்கள். பிறை பார்த்து மாதம் தொடங்கும் நாளையே சோதனை நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது. படுக்கையில் வைக்கும் அதிர்வுத் தட்டு அடாப்டர் அல்லது பாட்டரியில் இயங்குவதாக இருக்கட்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக எடுக்கும் கைவேலைச் சாதனங்களைப் படுக்கையில் வைக்கவே கூடாது.

காது ஏன் கேட்கவில்லை என்பதை மருத்துவர் பார்க்காமல் சாதனம் மட்டும் வாங்குவதும் சரியல்ல. காதில் அழுக்கு அடைத்திருந்தாலும், சீழ் இருந்தாலும் கேட்காது. அவை சிகிச்சையில் சரியாகக்கூடியவை.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

எந்தச் சாதனமும் மனிதரின் நடத்தைக்கு ஈடாகாது. பின்னால் வந்து தோளைத் தொட்டுத் திடுக்கிட வைக்காதீர்கள். எதிரே வந்து நின்று பேசுங்கள். அறைக்குள் நுழையும்போது விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். மேல்நாட்டு மரத்தரை வீடுகளில் காலால் தட்டினால் அதிர்வு தெரியும். நம் சிமெண்ட் தரையில் அது தெரியாது. முகத்தில் டார்ச் அடிப்பது மரியாதையில்லை. பள்ளிவாசலில் ஜனாஸா அறிவிப்போ ஜமாஅத் கூட்ட அறிவிப்போ வந்தால், வீட்டில் இருக்கும் யாராவது ஒருவர் உடனே அவர்களிடம் சொல்லும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். "அப்புறம் சொல்றேன்" என்பது அவர்களை மிகவும் காயப்படுத்தும் வார்த்தை.

அரசு உதவியும் டிரஸ்டின் உதவியும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை கேட்கும் திறன் குறைந்தவர் செவித்திறன் குறைந்தவர். 70 டெசிபலும் அதற்கு மேலும் என்றால் காது கேளாதவர். அரசு மருத்துவமனையில் காது பரிசோதனை செய்து, தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் 'அடிப்' திட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் விதிகளில் காது கருவியோடு, அழைப்பு மணி, நேர அலாரம் போன்றவற்றுக்கான எச்சரிக்கைச் சாதனங்களும் குறிப்பிடப்பட்டுள்ளன. நம்மவர்கள் முகாமுக்குப் போய்க் காது கருவியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். விண்ணப்பத்திலேயே எச்சரிக்கைச் சாதனமும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். விவரங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். விண்ணப்பம் எழுத நம் அலுவலகத்தில் உதவுகிறோம்.

டிரஸ்ட் சார்பில் அதிர்வு அலாரம், மின்னும் அழைப்பு மணி, குழந்தை அழுகை அறியும் சாதனம் ஆகியவற்றை இரவலாகத் தருவதற்கு வாங்கி வைத்திருக்கிறோம். ஒரு மாதம் எடுத்துச் சென்று பயன்படுத்திப் பார்த்து, பொருந்தினால் பிறகு சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். இவை ஸதகா நிதியில் வாங்கப்பட்டவை. ஜகாத் பொருள் அதைப் பெறும் ஏழையின் உடைமையாகவே ஆக வேண்டும் என்பதால், ஜகாத் நிதியை இரவல் சாதனங்களுக்குப் பயன்படுத்துவதில்லை. ஜகாத் பெறத் தகுதியான குடும்பங்களுக்குச் சாதனத்தைச் சொந்தமாகவே வாங்கிக் கொடுக்கிறோம். வசதியுள்ளவர்கள் ஒரு சாதனத்தின் தொகையை ஸதகாவாகத் தந்தால், அது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நம் மஹல்லாவைச் சேர்ந்த எலக்ட்ரீஷியன் தம்பிகள் இருவர், அழைப்பு மணி விளக்கு மாட்டும் வேலையைக் கூலி இல்லாமல் செய்து தர முன்வந்திருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

ரமளானுக்கு முன்பே சாதனம் தேவைப்படுவோர், வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். வர இயலாதவர்கள் யார் மூலமாவது சொல்லி அனுப்பினால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு நம் மகளிர் குழுவினர் வருவார்கள். உங்கள் தெருவில் கதவு தட்டினாலும் திறக்காத வீடு ஒன்று இருந்தால், கோபித்துக்கொள்ளாமல் அந்த வீட்டைப் பற்றி எங்களிடம் சொல்லுங்கள்.

செவியையும் பார்வையையும் இதயத்தையும் தந்த வல்ல ரஹ்மான், அவற்றுக்கு நன்றி செலுத்துவோராகவும், அவை குறைந்தோருக்குத் துணை நிற்போராகவும் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்